கண்ணாடிக்குள் பொன்

தங்க ரேக்கைக் கண்ணாடியின்மேல் ஒட்டி, ஊசிமுனையால் சுரண்டி அதில் உருவம் வரைந்து, மேலே இன்னொரு கண்ணாடிப் படலத்தால் மூடி உலையில் இணைத்துவிடும் வேலைக்கு ஏறத்தாழ 2,300 ஆண்டு வயது. கிண்ணத்தைக் கையில் எடுப்பவர் கண்ணுக்குப் பொன் தெரியும். விரலுக்குத் தட்டுப்படுவது கண்ணாடிதான். நடுவில் சிக்கிய பொன் தேய்வதில்லை, மங்குவதுமில்லை. இந்த வேலையை உலகறியச் செய்தவர்கள் இத்தாலியர்: முதலில் ரோமானியர், ஆயிரம் ஆண்டு கழித்து வெனிசு நகரத்தார். இரண்டு காலத்திலும் அவர்கள் கைப் பொன்னின் ஒரு பங்கு ரேக்காகிக் கண்ணாடிக்குள் போனது. இன்னொரு பங்கு காசாகக் கப்பலேறி, பெரியாற்றின் கழிமுகத்துக்கு மிளகு வாங்க வந்தது. கொச்சித் துறையின் வரலாற்றில் இந்தக் கண்ணாடிக்கு இடம் கிடைப்பது அந்த உறவால்.

அந்தக் கழிமுகத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது வைப்பின். சுமார் 25 கிலோமீட்டர் நீளமுள்ள ஒல்லியான தீவு. அதன் வடமுனை முனம்பம். எதிர்க்கரையில் கொடுங்கல்லூர், பழைய முசிறியின் வட்டாரம். தென்முனையில் படகேறினால் சில நிமிடத்தில் கோட்டைக் கொச்சி, அங்கிருந்து மட்டாஞ்சேரி. 1341ஆம் ஆண்டு பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் கொண்டுவந்து கொட்டிய வண்டலில் இத்தீவு மேலெழுந்தது என்பது இப்பகுதியின் நெடுநாள் மரபு. புதுவைப்பு ஆண்டு என்று ஒரு காலக்கணக்கே அந்த ஆண்டிலிருந்து எண்ணப்பட்டது. அதே வெள்ளம் வடக்கே முசிறித் துறையைத் தூர்த்து, தெற்கே கொச்சி அழிமுகத்தைத் திறந்துவிட்டது. ரோமானியர் வந்த துறை ஒன்று, வெனிசுக்காரர் வந்த துறை வேறு. இரண்டுக்கும் நடுவே நீளவாக்கில் கிடப்பது இந்த மணல் நிலம்.

பொன்கண்ணாடியின் மிகப் பழைய சிறந்த எடுத்துக்காட்டுகள் தென் இத்தாலியில் கனோசா என்னும் ஊரின் கல்லறை ஒன்றில் கிடைத்தன. பொ.ஆ.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு கிண்ணமும் உண்மையில் இரண்டு கிண்ணங்கள். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. மயிரிழை பிசகாமல் ஒன்றுக்குள் ஒன்று பொருந்துமாறு தனித்தனியே வார்த்துத் தேய்த்தவை. நடுவே தங்க ரேக்கில் வெட்டிய இலைச்சுருளும் மலர்களும். கண்ணாடியை ஊதும் வித்தை அப்போது கண்டுபிடிக்கப்படவில்லை என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால்தான் அந்தக் கைகளின் பொறுமை விளங்கும். இரண்டு வளைவுகளும் பொருந்தாமல் போனால் பல வார உழைப்பு வீண்.

கிண்ணம் அரசர்களுக்கும் செல்வர்களுக்கும் உரியது. சந்தைக்கு வந்தது மணி. கிரேக்கத் தீவான ரோட்ஸில் அதே காலத்துக் கண்ணாடி மணிப் பட்டறை ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. பொன் வைத்த மணிகளும் அங்கே செய்யப்பட்டன. செய்முறை எளிமையாகவே இருந்தது. உருகிய கண்ணாடியை மெல்லிய குழலாக இழுத்து, அதன்மேல் தங்க ரேக்கைச் சுற்றி, சற்றுப் பெரிய இன்னொரு நிறமற்ற குழலை உறையாக மாட்டிச் சூடேற்றுவார்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டதும் இடையிடையே நெரித்து, ஆறிய பிறகு ஒடித்தால் வரிசையாக மணிகள். சிட்டிகைப் பொன்னில் ஒரு சரம் முழுக்கப் பொன்மணியாக மின்னும். இவ்வகை மணிகள் இந்தியாவுக்கும் வந்திருக்கின்றன. தட்சசீலத்திலும், தக்காணத்தில் சாதவாகனர் காலத்து ஊர்களிலும் அகழாய்வில் கிடைத்துள்ளன.

தமிழகக் கடற்கரையும் கண்ணாடி மணித் தொழிலில் பின்தங்கியிருக்கவில்லை. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோதும் அதற்குப் பிறகும் கிடைத்த கண்ணாடி மணிகள் ஏராளம். குழல் இழுத்து நறுக்கும் முறையில் செய்த இந்தச் சிறு மணிகள் இங்கிருந்து கீழ்த்திசை நாடுகளுக்குப் போயின. மேற்கே செங்கடல் துறையான பெரெனிகே வரையிலும் கிடைத்திருக்கின்றன. ஆக, மணி வணிகம் ஒருவழிப் பாதையாக இருந்ததில்லை. மேற்கிலிருந்து வந்த சரக்குகளில் கண்ணாடியும் உண்டு. முதல் நூற்றாண்டில் கிரேக்கமொழி மாலுமி ஒருவர் எழுதிய பெரிப்ளூஸ் நூல், முசிறிக்கும் அதன் அண்டைத் துறைகளுக்கும் இறக்குமதியாகும் பொருள்களைப் பட்டியலிடும்போது காசு, பவளம், செம்பு, தகரம், ஈயம் ஆகியவற்றோடு கச்சாக் கண்ணாடியையும் சேர்க்கிறது. கட்டியாக வந்த அதை இங்கே உருக்கி வேலை செய்தார்கள் என்பதே அதற்குப் பொருள்.

வைப்பின் வடமுனைக்குக் கிழக்கே, வடக்குப் பரவூரை அடுத்த பட்டணம் என்னும் சிற்றூரில் கேரள வரலாற்று ஆராய்ச்சிக் கழகம் 2007 முதல் பல பருவங்கள் அகழாய்வு நடத்தியது. மதுச்சாடிகளின் ஓடுகள், படகுத்துறையின் செங்கல் கட்டு, ஒற்றைமரத் தோணி ஆகியவற்றோடு ரோமானியக் கண்ணாடிக் கிண்ணங்களின் துண்டுகளும் அங்கே வெளிப்பட்டன. வெளிப்புறத்தில் விலா எலும்புபோல் வரிசையாகப் புடைத்த வரிகளுள்ள கிண்ணத் துண்டுகள் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. ரோமப் பேரரசு முழுவதும் முதல் நூற்றாண்டில் புழங்கிய பாத்திரம் அது. அவற்றில் பொன் வேலை இல்லை. பொன் வேறு வடிவில் வந்து சேர்ந்திருந்தது. 1983ல் பரவூர் அருகே வள்ளுவள்ளியில் 250க்கும் மேற்பட்ட ரோமானியப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. யவனர் மரக்கலம் பொன்னைக் கொண்டுவந்து மிளகை ஏற்றிச் சென்றதை எருக்காட்டூர்த் தாயங்கண்ணனாரின் அகநானூற்றுப் பாடல் (149) முசிறியைப் பற்றியே சொல்கிறது. பாட்டும் புதையலும் ஒரே ஆற்றங்கரையில் இப்படிச் சேர்ந்து நிற்பது இந்திய வரலாற்றில் அரிது.

ரோமாபுரியில் பொன்கண்ணாடி தன் உச்சத்தைத் தொட்டது 3, 4ஆம் நூற்றாண்டுகளில். கிண்ணத்தின் அடிவட்டில் தங்க ரேக்கை ஒட்டி, ஊசியால் உருவம் தீட்டி, மேலே கண்ணாடி ஊற்றி மூடினார்கள். குடித்து முடித்தவர் அடியில் ஓர் ஓவியத்தைப் பார்ப்பார்: கணவன் மனைவி இணை, குழந்தை, பீட்டர் பவுல் முதலிய புனிதர்கள். இன்று உலக அருங்காட்சியகங்களில் உள்ள சுமார் 500 வட்டுகளில் பெரும்பாலானவை ரோமின் நிலவறைக் கல்லறைகளிலிருந்து எடுக்கப்பட்டவை. இறந்தவரின் கிண்ணத்தை உடைத்து, அடிவட்டை மட்டும் கல்லறைச் சாந்தில் பதித்துவைத்தது அன்றைய வழக்கம். யூதர்களின் நிலவறைகளிலும் இவை உண்டு. அவற்றில் ஏழு கிளைக் குத்துவிளக்கும், தோராச் சுருள்கள் அடுக்கிய பேழையும், இருபுறமும் சிங்கங்களும் பொன்னில் தெரிகின்றன. மட்டாஞ்சேரிப் பரதேசி யூதப் பள்ளியின் மேற்குச் சுவரில் இருக்கும் பேழையைப் பார்த்தவர்களுக்கு அந்த அமைப்பு பழகியதாகவே இருக்கும்.

உருவப்படங்களில் ஒன்றைத் தனியே சொல்லியாக வேண்டும். வட இத்தாலியின் பிரேசியா நகரில், பிற்காலச் சிலுவை ஒன்றில் பதித்து வைத்திருக்கும் நீலக் கண்ணாடி வட்டு அது. ஒரு தாயும் அவள் மகனும் மகளும் நேராகப் பார்க்கிறார்கள். முத்துக் காதணியின் பளபளப்பு, கழுத்தின் நிழல், மேலாடையின் மடிப்பு எல்லாமே பொன்னில் மிக நுண்ணிய கீறல்களால் எழுந்தவை. நிழல் வேண்டிய இடத்தில் கீறல் நெருக்கமாகிறது. ஒளி வேண்டிய இடத்தில் பொன் தொடப்படாமல் விடப்படுகிறது. தூரிகையே படாமல் ஒரு முகத்தின் சதைப்பிடிப்பு முழுவதும் வந்துவிடுகிறது. மேலே கிரேக்க எழுத்தில் உள்ள பெயர்களின் மொழிவழக்கு எகிப்து சார்ந்தது என்று ஆய்வாளர்கள் கண்டனர். முசிறிக்குக் கப்பல் அனுப்பிய அலெக்சாந்திரிய வணிகர்களின் உலகம் அதுதான்.

ரோமப் பேரரசு குலைந்த பிறகு இந்தக் கைவேலை மெல்ல அருகியது. பிற்காலத்துத் தெளிவான செய்தி ஒரு புத்தகத்தில் கிடைக்கிறது. 1400ஐ ஒட்டி சென்னினோ சென்னினி என்னும் ஓவியர், தம் தொழிலின் எல்லாச் செய்முறைகளையும் கைவேலைக்காரருக்குச் சொல்லித்தருவதுபோல் எழுதிவைத்தார். கண்ணாடியில் பொன் வேலை செய்வது பற்றி அதில் ஓர் அத்தியாயம் உண்டு. பச்சை சாயல் இல்லாத வெள்ளைக் கண்ணாடியைத் தேர்ந்து நன்றாகக் கழுவி உலர்த்த வேண்டும். முட்டையின் வெள்ளைக்கருவை அடித்துத் தெளியவைத்து அதன்மேல் பூச வேண்டும். ஈரத்தின்மேல் தங்க ரேக்கை இறக்கி, வெயில் படாமல் சில நாள் உலரவிட வேண்டும். பிறகு கறுப்புத் துணி விரித்த பலகையில் கண்ணாடியை வைத்து, சிறு குச்சியின் நுனியில் கட்டிய ஊசியால் வரைய வேண்டும். கறுப்புத் துணி எதற்கு என்றால், கீறிய கோடு ஒவ்வொன்றும் கருமையாகத் தெரிவதற்கு. கோடு தவறினால் திருத்த வழியில்லை. ஆகையால் முதல் வரை மிக மென்மையாக இருக்கட்டும் என்று எச்சரிக்கிறார். உருவம் முடிந்ததும் பின்புலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அங்கே எண்ணெயில் குழைத்த நிறத்தைப் பூசினால் வேலை முடிந்தது. இந்த முறையில் உலை கிடையாது. திருப்பண்டங்கள் வைக்கும் சிறு பேழைகளுக்காக இத்தாலியின் துறவி மடங்களில் இப்படிப் பல படங்கள் செய்யப்பட்டன.

அதே நூலில் தங்கம் அடிப்பவர்களைப் பற்றிய குறையும் ஒன்று வருகிறது. ஒரு டுகாட் பொற்காசிலிருந்து நூறு ரேக்குக்கு மேல் அடிக்கக் கூடாது; ஆனால் அவர்கள் 145 அடிக்கிறார்கள் என்கிறார் சென்னினி. டுகாட் வெனிசு நகரத்தின் காசு. 1284ல் முதன்முதலாக அடிக்கப்பட்டது. எடை ஏறத்தாழ மூன்றரை கிராம். கலப்பு ஏறக்குறைய இல்லாத தங்கம். நம் கணக்கில் அரைப் பவுனுக்குச் சற்றுக் குறைவு. அதை நூறு ரேக்காக அடித்தால் ஒரு குன்றிமணி எடையில் மூன்று ரேக்கு வரும். இன்றைய ரேக்கு இன்னும் மெல்லியது. ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனம். மூச்சு பட்டால் பறந்துவிடும் என்பதால் பட்டறைகளில் சன்னலைச் சாத்திவிட்டு வேலை செய்வார்கள்.

இந்தக் காசு இத்தொடரின் வாசகர்களுக்கு அந்நியமானதல்ல. மலையாளக் கரையின் மிளகு வணிகர்கள் மேற்கிலிருந்து வந்தவர்களிடம் எதிர்பார்த்தது முதலில் பொன். வெனிசின் டுகாட் கெய்ரோவுக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் போய், அரபு வணிகர் கைமாறி, செங்கடல் வழியே கோழிக்கோட்டுக்கும் கொச்சிக்கும் வந்து சேர்ந்தது. ஒரு பக்கம் புனித மாற்கின் முன் மண்டியிட்ட வெனிசுத் தலைவர், மறுபக்கம் ஒளிவட்டத்தில் நிற்கும் இயேசு. 1797ல் வெனிசுக் குடியரசு வீழும் வரையில் அதன் எடையும் தரமும் உருவமும் பெரிதாக மாறவேயில்லை. அந்த மாறாமையே இங்கே அதற்கு மதிப்பைத் தந்தது. பெண்கள் கோத்து அணியும் ஆபரணமாயிற்று. உள்ளூரிலேயே போலிகளும் அடிக்கப்பட்டன. பதினைந்தாம் நூற்றாண்டின் ஒரு டுகாட்டுக்கு இரண்டு வழிகள் திறந்திருந்தன. சுத்தியலின் கீழ் ரேக்காகி வெனிசின் கண்ணாடித் தீவுக்குப் போகலாம். அல்லது கப்பலேறி மிளகாக மாறலாம்.

அந்தக் கண்ணாடித் தீவு மூரானோ. நகருக்குள் தீ பரவும் அச்சத்தால் உலைகளையெல்லாம் அங்கே மாற்றச் சொல்லி 1291ல் வெனிசு அரசு ஆணையிட்டது. தொழில் இரகசியம் ஓரிடத்தில் அடைபட்டதும் அரசுக்கு வசதியாகிவிட்டது. திச்சினோ ஆற்றின் வெண்கூழாங்கல்லை இடித்துப் பொடியாக்கி, லெவாந்துக் கரையிலிருந்து வந்த தாவரச் சாம்பலோடு உருக்கினார்கள். 1450ஐ ஒட்டி ஆஞ்செலோ பரோவியர் அந்தச் சாம்பலைச் சுத்திகரித்து, படிகம்போல் நிறமற்ற கண்ணாடியை உருவாக்கினார். பொன்னுக்குத் தகுந்த மேடை அப்போதுதான் கிடைத்தது.

மூரானோவில் பொன்னைக் கண்ணாடியில் சேர்க்க இரண்டு வழி. முதலாவது, ஊதுகுழலின் நுனியில் கனன்றுகொண்டிருக்கும் குமிழை ரேக்கின்மேல் உருட்டி எடுப்பது. மேற்கொண்டு ஊதும்போது குமிழ் விரியும், பொன் விரியாது. ஆகவே அது வெடித்துத் துகள் துகளாகக் கண்ணாடிக்குள் சிதறும். அழகுதான், ஆனால் அதில் உருவம் எழுத முடியாது. இரண்டாவது வழி சுரண்டல் வேலைக்கானது. கிண்ணத்தை முழுவதுமாக ஊதி முடித்து, மெல்ல ஆறவிட்டு, குளிர்ந்த கண்ணாடியின் விளிம்பைச் சுற்றிப் பசைதடவி ரேக்கை ஒட்டுவார்கள். கூரிய முனையால் அதில் கோடுகளைச் சுரண்டுவார்கள். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் மிகவும் விரும்பப்பட்ட வேலைப்பாடு மீன்செதில். பொன் பட்டையில் அடுக்கடுக்காகப் பிறை வளைவுகள். ஒவ்வொரு செதிலின் நடுவிலும் சிவப்பு, நீலம், வெள்ளை என எனாமல் பொட்டு. மேலும் கீழும் முத்து வரிசைபோல் வெள்ளைப் புள்ளிகள்.

அடுத்துவரும் கட்டத்தில்தான் எல்லாம் தீர்மானமாகும். பொன்னும் எனாமலும் கண்ணாடியோடு ஒன்றாக வேண்டுமானால் மீண்டும் நெருப்பு தேவை. கிண்ணத்தைச் சிறிது சிறிதாகச் சூடேற்றி, அடியில் இரும்புக் கோலை மறுபடி ஒட்டி, உலைவாயில் நீட்டிச் சுழற்றுவார்கள். சூடு குறைந்தால் பொன் பிடிக்காமல் நாளடைவில் உரிந்துவிடும். கொஞ்சம் கூடினால் கிண்ணத்தின் விளிம்பு தொய்ந்து வடிவம் போய்விடும். அன்றைய சில கிண்ணங்களின் அடியில் இரும்புக்கோல் ஒட்டிய வடு இரண்டு தெரிவது இந்த மறுசூட்டின் சான்று. ஊதியபோது ஒன்று, பொன்னைச் சுட்டபோது ஒன்று. 1487ல் ஆஞ்செலோவின் மகள் மரியெத்தா பரோவியர் தமக்கென ஒரு சிறு உலை வைத்துக்கொள்ள வெனிசுத் தலைவரிடம் அனுமதி பெற்றார். ஆண்களின் தொழிற்சங்கக் கட்டுப்பாடு இறுகியிருந்த அந்தத் தீவில் ஒரு பெண்ணின் பெயர் ஆவணமேறியது பெரிய செய்தி.

பொன் விளிம்பின் மோகம் வெனிசில் நூறாண்டுகூட நீடிக்கவில்லை. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் தெளிந்த வெறுங்கண்ணாடியும் வைரமுனைக் கீறலும் விருப்பத்துக்குரியவை ஆயின. வின்சென்சோ தால் காலோ 1549ல் வைரமுனை வேலைக்குத் தனியுரிமை பெற்றார். பொன் வேலை ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே வேர்கொண்டது. 18ஆம் நூற்றாண்டில் பொஹிமியாவின் கைவேலைக்காரர்கள், கனோசாக் கிண்ணங்களைப்போலவே ஒன்றுக்குள் ஒன்று செருகும் இரட்டைக் குவளைகளின் நடுவே சுரண்டிய பொன்னில் வேட்டைக் காட்சிகளை வைத்தார்கள்.

வெனிசுக்காரர்கள் கொச்சிக்கு நேரில் வந்ததும் உண்டு. கியோஜாவில் பிறந்த நிக்கோலோ தெ கொந்தி, 15ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்தியக் கரைகளைச் சுற்றியபோது கொச்சியைக் குறிப்பிட்டார். 1503ல் போர்த்துக்கீசியர் வைப்பின் வடமுனையில் பள்ளிப்புறம் கோட்டையை அறுகோண வடிவில் எழுப்பினர். அதற்குப் பிந்திய காலத்தில் செசாரே பெதெரிச்சியும் (1563–1581 பயணம்) கஸ்பாரோ பால்பியும் (1579–1588) வந்தார்கள். இருவரும் மணிக்கல் வணிகத்தோடு தொடர்புள்ளவர்கள். இருவரும் கொச்சியைக் கண்டு எழுதினர். மணிக்கல்லையும் மிளகையும் தேடி வந்தவர்களின் மூட்டையில் மெல்லிய மூரானோக் கிண்ணத்துக்கு என்ன இடம் இருந்திருக்கும்? பல மாதக் கடற்பயணத்தில் உடையாமல் வரக்கூடியவை காசும் மணியும்தான். இந்தக் கரைக்கு வெனிசின் பொன் காசாகவே வந்தது.

இந்தியாவில் பொன்னையும் கண்ணாடியையும் இணைக்கும் வேலை தனக்கென வேறு பாதையில் வளர்ந்தது. அதன் சிறந்த வடிவம் ராஜஸ்தானின் பிரதாப்கரில் உள்ள தேவா. 18ஆம் நூற்றாண்டில் தொடங்கியதாகக் கருதப்படும் இக்கலை ராஜ்சோனி குடும்பங்களுக்குள் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டது. தொடங்கிவைத்தவர் நாதுஜி சோனி என்பது அவர்கள் மரபு. அரக்கு பரப்பிய பலகையில் மெல்லிய தங்கத் தகட்டை ஒட்டிவைத்து, நுண்ணிய உளியால் வேண்டாத பாகத்தையெல்லாம் வெட்டியெடுப்பார்கள். யானைமேல் அரசர், புலி வேட்டை, மயில், கண்ணனின் ராசலீலை எல்லாமே கட்டைவிரல் நகத்தளவு பரப்புக்குள் வரும். பிறகு அரக்கிலிருந்து தகட்டை விடுவித்து, வெள்ளிக் கம்பிச் சட்டத்தில் அமைத்து, சிவப்பு அல்லது பச்சை அல்லது நீலக் கண்ணாடியின்மேல் வைத்துச் சூட்டில் பிணைப்பார்கள். கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளித் தாள் வைப்பதால் நிறம் உள்ளிருந்து ஒளிர்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இதைப் பார்த்த ஆங்கிலேயர் எனாமலின் ஒரு வகையென்று நினைத்தனர். எனாமல் இதில் துளியும் கிடையாது.

இத்தாலிய வேலையோடு ஒப்பிட்டால் வேற்றுமை தெளிவாகும். மூரானோவில் காற்றுக்குப் பறக்கும் ரேக்கு. கோடுகள் சுரண்டலால் பிறப்பவை. தேவாவில் கையில் எடுக்கத்தக்க தகடு. வடிவம் வெட்டலால் பிறப்பது. முன்னது ஓவியரின் கை, பின்னது பொற்கொல்லரின் கை. நுணுக்கத்தில் தேவா எந்த இத்தாலிய வேலைக்கும் சளைத்ததல்ல. அது பெறவேண்டிய புகழை இன்னும் பெறவில்லை என்றே சொல்ல வேண்டும்.

தமிழகத்தில் இதற்கு நெருங்கிய உறவு தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியம். கண்ணாடியின் பின்புறத்தில் தீட்டி முன்புறமாகப் பார்க்கும் கலை 18ஆம் நூற்றாண்டில் சீன வணிகத் தொடர்பால் இந்தியாவுக்கு வந்தது. தஞ்சை மராட்டியர் காலத்தில் அந்நகரில் செழித்தது. இதில் எல்லாமே தலைகீழ் வரிசை. வழக்கமான ஓவியத்தில் கடைசியாக வைக்கும் கண்மணியும் நகைக்கோடும் இங்கே முதலில், முகத்தின் நிறம் அதற்குப் பிறகு, பின்புலம் கடைசியில். நகையும் கிரீடமும் வரும் இடங்களை நிறம் பூசாமல் விட்டு, பின்னால் பொன் தாளை ஒட்டிவிடுவார்கள். முன்னாலிருந்து பார்த்தால் கண்ணாடிக்குள் பொன் பதித்ததுபோல் இருக்கும். நெருப்பில்லாமல் செய்யும் இந்த முறை சென்னினி எழுதிவைத்ததற்கு மிக அருகில் வருகிறது. பலகையில் செய்யும் தஞ்சாவூர் ஓவியத்துக்கு வேண்டிய தங்க ரேக்கு இன்றும் ஜெய்ப்பூரிலிருந்தே பெரும்பாலும் வருகிறது.

வெனிசுக் குடியரசு வீழ்ந்தபின் மூரானோ உலைகள் ஏறக்குறைய அணைந்தன. மீட்சி 1859ல் அந்தோனியோ சால்வியாத்தி தொடங்கிய பட்டறையால் வந்தது. ரேக்கை இரு கண்ணாடிக்கு நடுவே வைத்துச் சுட்டு, சிறு சதுரங்களாக வெட்டிய பொன் மொசைக்குகளை அவர் ஐரோப்பா முழுவதும் விற்றார். நிலவறைப் பொன்கண்ணாடிகளின் மறுபடைப்புகளை 1878 பாரிஸ் கண்காட்சியில் மூரானோக்காரர்கள் வைத்தபோது மக்கள் வியந்து பார்த்தார்கள். அதற்கு முன்பே, 1861ல், மூரானோவில் கண்ணாடி அருங்காட்சியகமும் தொடங்கியிருந்தது. பழைய கிண்ணங்களைப் பார்த்துப் பழக அதுவே பள்ளியாயிற்று. 20ஆம் நூற்றாண்டில் மாணிக்கச் சிவப்பிலும் கோபால்ட் நீலத்திலும் கிண்ணம் செய்து, அகன்ற பொன் பட்டையில் கொடிச்சுருளைச் சுரண்டி, எனாமல் பூக்களை மேலே வைத்த குவளைத் தொகுதிகள் ஏராளமாகப் பயணிகள் கையில் உலகமெங்கும் போயின. அந்தச் சிவப்பையும் பொன்னைக் கண்ணாடியில் கரைத்தே பெறுகிறார்கள். 1612ல் வெளிவந்த அந்தோனியோ நேரியின் நூலிலேயே அதன் குறிப்பு இருக்கிறது.

ஐரோப்பியக் கண்ணாடி இந்தியாவுக்குப் பெருமளவில் வந்ததும் 19ஆம் நூற்றாண்டில்தான். மட்டாஞ்சேரியில் 1568ல் கட்டப்பட்ட பரதேசி யூதப் பள்ளியின் கூரையில் தொங்கும் சரவிளக்குகள் பெல்ஜியத்திலிருந்து வந்தவை. 1762ல் எசக்கியேல் ராகபி பாவுவித்த நீல வெள்ளைச் சீன ஓடுகளின்மேல் அவற்றின் ஒளி விழுகிறது. வெனிசுக் கண்ணாடியைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஐதராபாத்து சாலார் ஜங் அருங்காட்சியகத்தின் ஐரோப்பியக் கண்ணாடிப் பகுதி இருக்கிறது. மட்டாஞ்சேரி யூதத்தெருவின் மிளகுக் கிடங்குகள் பல இன்று பழம்பொருள் கடைகளாக மாறியிருப்பதால், பொன் வைத்த கண்ணாடியை இனங்காண்பது இங்குள்ளவர்களுக்கும் பயன்படும் அறிவு.

முதலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். உண்மையான ரேக்கு வெளிச்சத்தை இளம்பச்சையாக உள்ளே விடும். அத்தனை மெல்லிய பொன்னின் இயல்பு அது. ஒரு ரேக்கு முடிந்து இன்னொன்று தொடங்கும் இடத்தில் இரண்டும் சற்று மேலேறி நேர்கோடாக இருண்டிருக்கும். ஊசித்துளைகளும் இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஜெர்மனியின் மைசனில் திரவப் பொன் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, தூரிகையால் பூசும் மலிவு வேலை பெருகியது. அதில் இணைப்புக்கோடு இராது. பளபளப்பு ஒரே சீராக, மிதமிஞ்சி இருக்கும். கைபட்ட இடத்தில் சீக்கிரம் தேய்ந்திருக்கும். அடுத்தது கோடு. சுரண்டிய கோட்டின் அடியில் கண்ணாடி தெரியும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் இருபுற ஓரமும் சற்றே கிழிந்ததுபோல் இருக்கும். ஒரு கோடுபோல் இன்னொன்று அமையாது. அச்சுத்தாளால் ஒட்டிய வேலையில் எல்லா இலையும் ஒரே இலை. எனாமல் பொட்டுகளை விரலால் தடவினால் மேடாகத் தட்டுப்பட வேண்டும். மூரானோவில் செய்ததென்ற சீட்டை மட்டும் நம்பி வாங்கலாகாது. தீவின் பெயர் பெருமளவில் கள்ளத்தனமாகப் பயன்பட்டதால்தான் வெனெட்டோ மாநில அரசு 1994ல் சட்டமியற்றி ஒரு வணிக முத்திரையையே உண்டாக்கியது.

வாங்கியதைக் காப்பதில் கொச்சி, வைப்பின் போன்ற கடலோர ஊர்களுக்குத் தனிக் கவலை உண்டு. வெனிசின் பழைய தெளிகண்ணாடியில் சாம்பலைச் சுத்திகரிக்கும்போது சுண்ணாம்புச் சத்தும் போய்விட்டது. அதனால் ஈரக்காற்றில் அது வியர்க்கும். காலப்போக்கில் மயிரிழை வெடிப்புகள் வலைபோல் படரும். கண்ணாடி நோய் என்று பாதுகாப்பாளர்கள் சொல்வது இதையே. அவ்வாறு வியர்க்கும் பரப்பில் பொன் பிடிமானத்தை இழக்கும். உப்புக் காற்றும் ஆடி மழையும் நேரே வரும் அறையில் திறந்த அலமாரி ஆகாது. மூடிய பெட்டியில், ஈரம் ஏறியிறங்காமல், வெயிலும் சூடான விளக்கும் படாமல் வைக்க வேண்டும். பொன் உள்ள இடத்தைச் சோப்பாலும் தேய்ப்பானாலும் தொடக்கூடாது. உலர்ந்த மென்தூரிகையால் தூசு தட்டினால் போதும். தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியத்துக்கு முதுகுப்புறமே உயிர் என்பதால் ஈரச்சுவரில் மாட்டாமல் இடைவெளி விட்டுத் தொங்கவிட வேண்டும். ரேக்கின் ஓரம் எங்கேனும் தூக்கிக்கொண்டிருந்தால் வீட்டுப் பசையால் ஒட்ட முயலாமல் அருங்காட்சியகப் பாதுகாப்பாளரிடம் காட்டுவதே முறை.

(தொடரும்)